மகாராஜாவின் கடன் யார் கணக்கில்?

ஏர் இந்தியா ஏன் விழுந்தது என்று கேட்டால், 'கோட்டாவில் ஆள் எடுத்தார்கள், வேறென்ன' என்று சட்டென்று பதில் வரும். விடுதி அறையிலும் டீக்கடையிலும் இதைக் கேட்டுக்கொண்டு பேசாமல் எழுந்து வந்தவர்கள்தான் நாம். தோழர்களே, அந்தக் கணக்கை நாமே ஒருமுறை எடுத்துப் பார்ப்போம்.

1932இல் டாடா தொடங்கிய விமான சேவை இது. 1953இல் நேரு அரசு அதை நாட்டுடைமையாக்கியது. அதன் பிறகும் 1978 வரை ஜே.ஆர்.டி. டாடாதான் ஏர் இந்தியாவின் தலைவர்! ஆனாலும் அரசு நிறுவனம் என்பதால் காலப்போக்கில் பட்டியல் சாதியினருக்கு 15, பழங்குடியினருக்கு 7.5 விழுக்காடு என்று ஒரு கதவு திறந்தது.

திறந்த கதவும் முழுக்கத் திறக்கவில்லை. கட்டடங்களைக் கூட்டித் துடைக்கும் வேலையில் ஒப்பந்தமுறை கூடாது என்று மத்திய அரசு 1976லேயே அறிவிக்கை போட்டது. அதன் பிறகும் ஏர் இந்தியா அந்த வேலைக்கு ஒப்பந்தக்காரரையே வைத்திருந்தது. துடைப்பம் யார் கையில் இருந்திருக்கும் என்று நமக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. வழக்குப் போட்ட தொழிலாளர்களை நிறுவனமே ஏற்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்தது. செயில் வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு அந்தச் சட்டநிலையை 2001இல் மாற்றிவிட்டது.

சரி, கடன் எப்படி வந்தது? 2005, 2006ஆம் ஆண்டுகளில் ஏர் இந்தியாவுக்கு 68 போயிங், இந்தியன் ஏர்லைன்ஸுக்கு 43 ஏர்பஸ், ஆக 111 விமானங்களுக்கு ஆர்டர் போனது. பணம் பெரும்பாலும் கடன். 2007இல் இரண்டு நிறுவனங்களையும் இணைத்தார்கள். இரண்டு சம்பள விகிதம், இரண்டு பதவி உயர்வு முறை, ஒரே கம்பெனி. அடுத்த ஆண்டே எரிபொருள் விலை எகிறியது. விமானக் கொள்முதலையும் இணைப்பையும் தணிக்கைத் துறை தன் 2011 அறிக்கையில் கடுமையாக விமர்சித்தது. இவை அமைச்சகமும் இயக்குநர் குழுவும் எடுத்த முடிவுகள். பெட்டி ஏற்றியவரும் கவுண்டரில் நின்றவரும் எடுத்தவை அல்ல.

2018இல் 76 விழுக்காடு பங்கை விற்கப் பார்த்தார்கள், வாங்க ஆளில்லை. 2021இல் மொத்தக் கடன் 61,562 கோடி ரூபாய். டாடா ஏற்ற கடன் 15,300 கோடி, அரசுக்குக் கொடுத்த ரொக்கம் 2,700 கோடி. மிச்சம் 46,262 கோடி கடன் ஓர் அரசு நிறுவனத்தின் தலையில், அதாவது நம் எல்லோர் தலையிலும் இறங்கியது. கடன் பொதுவில் நின்றுவிட்டது, விமானம் மட்டும் தனியாரிடம் போனது.

2022 ஜனவரி 27 அன்று நிறுவனம் கைமாறியது. ஓராண்டுக்கு ஆட்குறைப்பு இல்லை என்பது ஒப்பந்தம். புதிய நியமனங்களில் இடஒதுக்கீடு தர வேண்டிய சட்டக் கடமை அன்றோடு முடிந்தது.

சம்பளம், பதவி உயர்வு தொடர்பாக ஊழியர்கள் சிலர் 2011 முதல் 2013 வரை பம்பாய் உயர் நீதிமன்றத்தில் மனு போட்டிருந்தார்கள். விசாரணை முடிவதற்குள் நிறுவனமே விற்கப்பட்டது. ஏர் இந்தியா இனி 'அரசு' அல்ல, ஆகவே ரிட் மனு செல்லாது என்று 2022இல் உயர் நீதிமன்றம் சொன்னது. 2024 மே மாதம் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. மனு போட்ட நாளில் அது அரசு நிறுவனம்தான்.