உலர்ந்தாலும் விளைபொருளே: ஏலக்காயும் சரக்கு மற்றும் சேவை வரியின் ‘வேளாண்மையாளர்’ வரையறையும்

தேனியிலிருந்து குமுளிக்குப் போகும் சாலையில் வீரபாண்டியைக் கடக்கும்போது கண்ணில் படுபவை நெல்லும் வாழையும் தென்னையும். முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரில் விளையும் இவை விளைந்த கோலத்திலேயே சந்தைக்குப் போகின்றன. வரிவிலக்கு இருப்பதால் விற்கும் உழவருக்கும் வரித்துறைக்கும் பேச வேண்டியது எதுவும் இல்லை. சிக்கல் மலைமேல் தொடங்குகிறது. கம்பம் பள்ளத்தாக்கில் வீடும் கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் ஏலத்தோட்டமும் வைத்திருக்கும் குடும்பங்கள் பல. அவர்களுடைய காய் மலையிறங்கிப் போடிநாயக்கனூரில் நறுமணப் பொருட்கள் வாரியத்தின் மின்னணு ஏலத்துக்கு வருகிறது. வருவதற்கு முன் அது உலர்ந்தாக வேண்டும். ஏறத்தாழ ஐந்து கிலோ பச்சைக்காய் ‘ஸ்டோர்’ எனப்படும் உலர்த்தும் கூடத்தில் காய்ந்து ஒரு கிலோவாகிறது. இந்த உலர்த்தல் விளைவித்தவரை வணிகராக்கிவிடுமா? ஆக்காது என்பதே என் வாதம்.

2017ஆம் ஆண்டின் மத்திய சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டம், நிலத்தில் பயிரிட்டுக் கிடைத்த விளைச்சலை விற்கும் அளவில் வேளாண்மையாளர் பதிவு பெற வேண்டியதில்லை என்று 23(1) பிரிவில் சொல்கிறது. வேளாண்மையாளர் யார் என்பதை 2(7) பிரிவு வரையறுக்கிறது: தம் உழைப்பாலோ குடும்பத்தார் உழைப்பாலோ, தமது அல்லது குடும்பத்தாரின் நேரடி மேற்பார்வையில் கூலியாட்களைக் கொண்டோ பயிரிடும் தனிநபர் அல்லது இந்துக் கூட்டுக் குடும்பம். நிலம் சொந்தமாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை; குத்தகைக்காரரும் இதில் அடங்குவார். பச்சை, உலர்ந்தது என்ற பேச்சும் இந்த இரு பிரிவுகளில் இல்லை. சட்டம் பார்ப்பது ஆளை, பண்டத்தை அல்ல.

ஈரம் பற்றிய கவலை வேறு வாசல் வழியாக நுழைந்தது. சேவைகளுக்கான விலக்கு அறிவிக்கையில் ‘வேளாண் விளைபொருள்’ என்பதற்குத் தனி வரையறை உண்டு. அதைக் கொண்டு 2017 நவம்பர் 15ஆம் நாள் சுற்றறிக்கை, பதப்படுத்திய தேயிலை, காப்பி, நறுமணப் பொருட்கள் முதலியவை வேளாண் விளைபொருளாகா என்றது. அது கிடங்கு வாடகை போன்ற சேவைகளுக்கான விளக்கம். அதை அப்படியே தூக்கி வந்து 23ஆம் பிரிவுக்குள் வைத்துப் படிப்பது, ஒரு வீட்டுப் பூட்டுக்கு இன்னொரு வீட்டுச் சாவியைப் போடுவதைப் போன்றது. ஏலக்காய்க்கு 5 விழுக்காடு வரி என்று பட்டியல் சொல்வதும் விற்பவர் பதிவு பெற வேண்டும் என்பதற்குச் சான்றாகாது.

இந்த வாதத்துக்கு வலுவான ஆதாரம் 2024 டிசம்பர் 21 அன்று ஜெய்சல்மேரில் கூடிய 55ஆவது ஜிஎஸ்டி கவுன்சிலிலிருந்து வந்தது. அதே கூட்டத்தில் பேசப்பட்ட பாப்கார்ன் வரியை நாடே கேலி செய்துகொண்டிருந்த அந்த நாட்களில், வேளாண்மையாளர் விற்கும் மிளகுக்கும் உலர்திராட்சைக்கும் வரிப் பொறுப்பு இல்லை என்ற விளக்கம் அதிகம் கவனிக்கப்படாமல் வெளியானது. 2025 பிப்ரவரியில் சுற்றறிக்கையும் வந்தது. விலக்குக்குப் புதிய காரணம் எதையும் தேடாமல், சட்டத்தில் ஏற்கெனவே இருந்ததையே அது எடுத்துச் சொன்னது. அப்படியென்றால் அந்த நியாயம் மிளகோடும் திராட்சையோடும் நிற்காது. வெயிலில் காய்ந்த மிளகு விளைச்சலாக இருக்கும்போது, ஸ்டோர்ச் சூட்டில் காய்ந்த ஏலம் மட்டும் எப்படி வேறாகும்?

பண்டத்தின் பெயர் சொல்லி விளக்கம் தருவதில் ஒரு குறை உண்டு: கேட்டவருக்குத்தான் கிடைக்கும். உலர்திராட்சை மகாராஷ்டிரத்தின் சாங்லி, நாசிக் பக்கத்துச் சரக்கு. கம்பத்தின் பன்னீர் திராட்சை, 2023இல் புவிசார் குறியீடு பெற்றது, விதையுள்ளது, பழமாகவே விலைபோவது. பள்ளத்தாக்குக்கு அந்தப் பாதி விளக்கத்தால் பயன் சொற்பம். ஏல விற்பனைக்கான கணக்குப் புத்தகங்கள் பற்றி 2017 டிசம்பரில் வந்த சுற்றறிக்கையும் தேயிலை, காப்பி, ரப்பர் ‘முதலியன’ என்றுதான் தலைப்பிட்டது. ஏலம் என்ற பெயரையே தாங்கிய பயிருக்கு அந்த ‘முதலியன’வில்தான் இடம்.

மாநில எல்லை இரண்டாவது முடிச்சு. வரிக்குரிய சரக்கை மாநிலம் விட்டு மாநிலம் விற்பவருக்கு விற்றுமுதல் வரம்பு எதுவும் பாராமல் 24ஆம் பிரிவு பதிவைக் கட்டாயமாக்குகிறது. இடுக்கியில் பறித்துப் போடியில் விற்பவர் இதில் சிக்குவாரா? அந்தப் பிரிவின் முதல் வரியைப் படித்தால் போதும்: அது மீறுவது விற்றுமுதல் வரம்பைச் சொல்லும் 22(1)ஐ மட்டுமே, 23(1)ஐ அல்ல. வேளாண்மையாளர் எல்லை தாண்டினாலும் வேளாண்மையாளரே.

உண்மையில் கடினமான கேள்வி ‘நேரடி மேற்பார்வை’. முதலாளி பள்ளத்தாக்கில் இருக்கிறார். தோட்டத்தைக் கணக்குப்பிள்ளை பார்த்துக்கொள்கிறார். முதலாளி வாரம் ஒருமுறை மலையேறுகிறார். இது போதுமா? போதும் என்றே கருதுகிறேன். சாகுபடி முடிவுகளும் கூலிச் செலவும் நட்டமும் யாருடையவையோ, மேற்பார்வையும் அவருடையதே. ஆனால் அண்ணன் தம்பிகள் கூட்டு நிறுவனப் பத்திரம் எழுதிவிட்டால் வரையறையிலிருந்து வெளியேறிவிடுகிறார்கள். அங்கே என் வாதம் செல்லாது.

விலக்கின் நிழலில் பெரிய எஸ்டேட்டுகள் ஒளிந்துகொள்ளும் என்பார்கள். கம்பெனிகளை வரையறையே வெளியே நிறுத்துகிறது. கருவூலத்துக்கும் பெரிய இழப்பில்லை: பதிவில்லாத விவசாயியிடம் வாங்கிய காய்க்கு வணிகருக்கு வரி வரவு கிடையாது, விற்கும்போது முழு மதிப்புக்கும் 5 விழுக்காடு கட்டுகிறார். விவசாயியும் வரியே கட்டாதவர் அல்லர். 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கும் சொட்டுநீர்க் கருவிக்கும் வரி 5 விழுக்காடாகக் குறைந்தது. ஆனால் ஏலத்துக்கு அடிக்கடி தெளிக்கும் இரசாயனப் பூச்சிமருந்துக்கு 18 விழுக்காடு அப்படியே நிற்கிறது. அது அவருக்குத் திரும்பி வராது.

ஆகவே கவுன்சிலுக்கு மனு எழுதும் ஏல விவசாயிகள் தங்கள் பயிரை மூன்றாவது பெயராகச் சேர்க்கச் சொல்லிக் கேட்க வேண்டாம். வேளாண்மையாளர் விற்கும் விளைச்சல் எதுவானாலும், பச்சையோ உலர்ந்ததோ, 23(1) பிரிவுக்குள் வரும் என்ற ஒரு வரியைக் கேளுங்கள். நேரடி மேற்பார்வை என்றால் என்ன என்பதற்கு விளக்கமும் கேளுங்கள்.