தனித்து ஒலித்த பிடில்

திருவிழாக் காலத்தில் வீதியெங்கும் நிறைந்து ஒலிப்பது நாதஸ்வரம். பிடிலோ அருகமர்ந்து கேட்க வேண்டிய வாத்தியம். மேலைநாட்டிலிருந்து வந்த இதனை முத்துசுவாமி தீட்சிதரின் இளவல் பாலுசுவாமி தீட்சிதர் கற்றுக் கருநாடக இசைக்கு உரியதாக்கினார் என்பர். தஞ்சை நால்வருள் ஒருவரான வடிவேலுவுக்கு 1834இல் சுவாதித் திருநாள் மன்னர் யானைத் தந்தத்தாலான வயலினைப் பரிசளித்தார். அத்தகு சிறப்பிருந்தும், நெடுங்காலம் அது பெரும்பாலும் பக்கவாத்தியமாகவே இருந்தது. பாடகர் விட்டுத்தரும் இடைவெளியே அதன் பங்கு. வித்துவான்களுக்கு இது எளிதில் ஆறும் குறையன்று.

அந்நிலையை மாற்றியவர்களுள் முதன்மையானவர் துவாரம் வெங்கடசுவாமி நாயுடு (1893–1964). பார்வைக் குறைவுடைய அவர், ஆந்திரத்து விஜயநகரம் இசைக் கல்லூரியில் ஆசிரியராயிருந்து 1936இல் அதன் முதல்வரானார். 1938இல் வேலூரில், பாடகர் எவருமின்றி, பிடிலையே முதன்மையாகக் கொண்டு தனிக்கச்சேரி நிகழ்த்தினார். 1941இல் சென்னை மியூசிக் அகாதமி அவருக்குச் சங்கீத கலாநிதி விருது வழங்கியது.

1952இல் இந்தியா வந்த உலகப் புகழ்பெற்ற வயலின் மேதை யெஹூதி மெனுஹின், சென்னையில் தலைமை நீதிபதி இராஜமன்னாரின் இல்லத்தில் நாயுடுவின் வாசிப்பைக் கேட்டு மகிழ்ந்தார். கருவி மேலைநாட்டினது, அவ்வீட்டுக் கூடத்தில் அது பேசியதோ கருநாடக இராகம்.