தாய்ப்பால் பீய்ச்சி எடுத்தல்

தாய்ப்பால் பீய்ச்சி எடுத்தல் என்பது குழந்தை நேரடியாகப் பாலருந்த இயலாதபோது, தாயின் பாலைக் கையாலோ கருவியாலோ வெளியெடுத்துச் சேகரிக்கும் முறையாகும். கருக்காலம் சுமார் 34 வாரங்களை எட்டும்முன் பிறக்கும் குழந்தைகளுக்கு உறிஞ்சுதல், விழுங்குதல், மூச்சுவிடுதல் ஆகியவற்றை ஒருங்கிணைக்கும் திறன் முதிர்ந்திருப்பதில்லை. எனவே இப்பால் மூக்கு அல்லது வாய்வழி இரைப்பைக்குச் செல்லும் மெல்லிய குழாய் மூலம் ஊட்டப்படுகிறது.

செய்முறை

மகப்பேற்றுக்குப்பின் இயன்றவரை 6 மணி நேரத்துக்குள் தொடங்கி, இரவு உட்பட நாளொன்றுக்கு 8 முறையேனும் பீய்ச்ச வேண்டும். இடைவெளி நீண்டால் சுரப்பு குறையும். முதல் நாட்களில் சில துளிகளே கிடைக்கலாம். நோயெதிர்ப்புப் பொருட்கள் செறிந்த இச்சீம்பாலின் ஒவ்வொரு துளியும் பயனுள்ளதாகும்.

முக்கியத்துவம்

குறைமாதக் குழந்தைகளின் உயிரைப் பறிக்கக்கூடிய குடல் திசு இறப்பு நோயின் வாய்ப்பைத் தாய்ப்பால் குறைக்கிறது. தாயின் பால் போதாதபோது, 62.5 பாகை செல்சியசில் 30 நிமிடங்கள் சூடாக்கிப் பதப்படுத்தப்பட்ட கொடைப்பால் வழங்கப்படுகிறது. இந்தியாவின் முதல் தாய்ப்பால் வங்கி 1989 ஆம் ஆண்டு மும்பை சயன் மருத்துவமனையில் மருத்துவர் ஆர்மிடா பெர்னாண்டசால் தொடங்கப்பட்டது.