கத்தரி இலையில் தைத்த கூடு

எட்டு வருஷம் இருக்கும். பருத்திக்கு மருந்து அடிச்சிட்டு வீட்டுக்கு வந்தேன். டேங்க்ல கொஞ்சம் மிச்சம் கிடந்துச்சு. காசு குடுத்து வாங்குனதைக் கீழ ஊத்த மனசு வரல. கொல்லையில பத்துப் பன்னெண்டு கத்தரிச் செடி, இலையெல்லாம் ஓட்டை. அதுக்கும் அடிச்சு விட்டேன். அதுல ஒரு செடியில தையல்சிட்டு கூடு கட்டியிருந்தது எனக்குத் தெரியாது.

மறுநாள் காலையில வீட்டுக்காரம்மாதான் கூப்பிட்டாங்க. கூட்டுக்குள்ள மூணு குஞ்சும் செத்துக் கிடந்துச்சு. தாய்க்குருவி வாயில ஒரு பச்சைப் புழுவை வச்சுக்கிட்டு, பக்கத்துச் செடிக்கும் கூட்டுக்குமா பறந்துக்கிட்டே இருந்துச்சு. "ஏங்க, புழு பொறுக்க வந்ததையே கொன்னுட்டீங்களே"ன்னாங்க. நான் ஒண்ணும் பேசல. அந்தச் சம்பவத்துக்கு அப்புறம்தான் இந்தக் குருவிங்க கதையைத் தேடிப் படிக்க ஆரம்பிச்சேன்.

பட்டணத்துல இருக்கிற நீங்களும் தையல்சிட்டைப் பார்த்திருப்பீங்க. மாடித் தொட்டிச் செடியில கூட வரும். முதுகு பச்சை, தலை செம்மண் நிறம், வாலைத் தூக்கியே வச்சிருக்கும். கட்டைவிரல் பெரிசு உடம்புல இருந்து அவ்வளவு பெரிய சத்தம் எப்படி வருதுன்னு ஆச்சரியமா இருக்கும். அகலமான இலையோட ஓரத்துல அலகால துளை போட்டு, பஞ்சு, நார், சிலந்தி நூல்னு கிடைச்சதை அதுல நுழைக்கும். முடிச்செல்லாம் போடாது. வெளியே வந்த நுனி பிசிறி பூ மாதிரி விரிஞ்சு நிக்கும், அதுதான் இலையைப் பிடிச்சுக்கும். இலை செடியோட உயிரோடதான் இருக்கும். அதனால கிட்டப் போனாலும் கூடுன்னு தெரியாது. எனக்குத் தெரியாமப் போனதும் அப்படித்தான்.

வெள்ளைக்காரங்க புத்தகத்துல இந்தக் குருவி ஏறினது 1769ல. தாமஸ் பென்னன்ட்னு ஒருத்தர் எழுதினாரு. அவர் இந்தப் பக்கம் வந்ததே இல்லை. இலங்கையில டச்சு கவர்னரா இருந்த லோட்டன் வரைய வச்சு எடுத்துட்டுப் போன படங்களைப் பார்த்து எழுதினது. காய்ஞ்ச இலை ஒண்ணைப் பொறுக்கி வந்து பச்சை இலையோட சேர்த்துத் தைக்கும்னு எழுதி வச்சாரு. நம்ம ஊர்ல ஆடு மேய்க்கிற பையன்கிட்ட கேட்டிருந்தா அது தப்புன்னு சொல்லியிருப்பான். அந்த லோட்டன் பேர்ல ஒரு தேன்சிட்டும் இருக்கு. நீள மூக்கோட முருங்கைப் பூவுக்கு வருமே, அதுதான்.

அதிசயமா மட்டும் பார்த்துக்கிட்டு இருந்த குருவியை, விவசாயத்துக்கு என்ன பண்ணுதுன்னு கணக்குப் பார்த்தது அதுக்கு ரொம்பப் பின்னாடி. பீகார்ல பூசான்னு ஒரு ஊர்ல அப்ப வெள்ளைக்கார அரசாங்கத்தோட விவசாய ஆராய்ச்சிப் பண்ணை இருந்துச்சு. அங்க மேசன்னு ஒருத்தர் பறவைகளைச் சுட்டு, வயித்தைக் கிழிச்சு, உள்ள எத்தனை பூச்சி, எத்தனை தானியம்னு ஒவ்வொண்ணா எண்ணினாரு. பூச்சியியல் அதிகாரி லெஃப்ராயும் சேர்ந்து 1912ல அதைப் புத்தகமாப் போட்டாங்க. எந்தக் குருவி விவசாயிக்கு உதவி, எது தொல்லைன்னு இனவாரியா அதுல இருக்கு. சுட்டுத்தான் தெரிஞ்சுக்கணுமான்னு எனக்கு ஒரு வருத்தம். ஆனா கணக்கு கணக்குதான்.

அந்தக் கணக்கு நம்ம ஊர் வரைக்கும் வரல. வந்தது மருந்து. 1966ல ஐ.ஆர்.8 நெல் வந்துச்சு, கொள்ளிடத்துக்கு அந்தாண்ட இருக்கிற ஆடுதுறையில இருந்து புது ரகங்கள் வந்துச்சு. விளைச்சல் வந்தது, அதை நான் மறுக்க மாட்டேன். கூடவே உரம், அதைத் தொடர்ந்து பூச்சி, அதைத் தொடர்ந்து பவுடர். எங்க அப்பா துணி மூட்டையில பவுடரைக் கட்டி, நடந்துக்கிட்டே நெல்லு மேல தட்டுவாரு. பின்னாடியே நான் போவேன். டிடிடியை விவசாயத்துல தடை பண்ணினது 1989லதான், பி.எச்.சி.யை 1997ல.

சீனாக்காரன் கதை இன்னும் மோசம். 1958ல எலி, ஈ, கொசுவோட சிட்டுக்குருவியையும் சேர்த்து எதிரின்னு அறிவிச்சாங்க. ஊரே தட்டு, தகரத்தை அடிச்சு, உட்கார விடாம பறக்க விட்டே கொன்னுச்சு. அப்புறம் பயிர்ல பூச்சி பெருகிப் போச்சு. குருவி வயித்தை அறுத்துப் பார்த்த அவங்க ஊர் அறிஞர்கள் எடுத்துச் சொல்லி, 1960ல குருவி பேரை எடுத்துட்டு மூட்டைப்பூச்சியைச் சேர்த்தாங்க. அதுக்குள்ள பஞ்சம் வந்திருந்துச்சு. பஞ்சத்துக்கு அது மட்டும் காரணம் இல்ல, அதுவும் ஒரு காரணம்.

எங்க தாத்தா வயல்ல அங்கங்க காய்ஞ்ச தென்னை மட்டையை நட்டு வைப்பாரு. கரிச்சான் உட்காரும்பாரு. அப்பா காலத்துல அது நின்னு போச்சு. நான் விவசாயம் ஏத்துக்கிட்ட பிறகு, உழவர் வயல்வெளிப் பள்ளின்னு கூட்டம் போட்டாங்க. "ஏக்கருக்கு 15, 20 பறவைத் தாங்கி நடுங்க, கரிச்சான் வந்து உட்காரும்"னு அதிகாரி சொன்னாரு. பின்னாடி உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர், "இது எங்கப்பன் நட்டதுதானே"ன்னாரு. எல்லாரும் சிரிச்சோம். அதிகாரி சொன்ன இன்னொண்ணு உபயோகமானது: கதிர் பால் பிடிக்கிற சமயம் தாங்கியைப் பிடுங்கிடணும், இல்லேன்னா நெல்லு தின்னுற குருவிக்கும் அதுவே திண்ணை ஆயிடும். தாத்தா அதைச் செஞ்சாரான்னு எனக்கு ஞாபகம் இல்ல.

நான் மருந்தே அடிக்கிறதில்லைன்னு சொன்னா பொய். பருத்தி போடுற வருஷம் அடிக்கத்தான் வேண்டியிருக்கு. 2017ல பெரம்பலூர், அரியலூர் பக்கம் மருந்தடிச்ச விவசாயிங்களே செத்துப்போனப்ப பயந்து, முகத்துல துணி கட்ட ஆரம்பிச்சேன். ஆனா வீட்டைச் சுத்தி, கொல்லையில, ஒரு சொட்டு கூட கிடையாது. குருவி எல்லாப் புழுவையும் தின்னுடும்னும் நான் சொல்ல மாட்டேன். கத்தரிக்காய்க்குள்ள இருக்கிற புழு அதுக்கு எட்டாது.

இப்ப கொய்யாக் கன்னுல, கிணத்தடிக்குப் பக்கத்துல, ரெண்டு இலையைச் சேர்த்துத் தைச்சிருக்கு. தையல் நூல்ல பாதி எங்க பருத்திப் பஞ்சு. நாலு முட்டை இருந்துச்சு, மூணு பொரிச்சிருக்கு. காலையில ரெண்டும் மாத்தி மாத்தி, டீ குடிச்சு முடிக்கிறதுக்குள்ள ஏழு தடவை இரை கொண்டு வந்துச்சுங்க. வீட்டுக்காரம்மா திண்ணையில உட்கார்ந்து கத்தரிக்காயை அரிஞ்சுக்கிட்டு இருந்தாங்க. புழு இருந்த பக்கத்தை நறுக்கி கோழிக்குப் போட்டுட்டு, மிச்சத்தைக் குழம்புக்கு எடுத்து வச்சாங்க.