ஏட்டுக்கு முன் முற்றம்

வன்னியில் முன்பள்ளிகளைப் பற்றி எழுதப் போகும்போது தாய்மார் என்னிடம் அடிக்கடி சொல்லும் கவலை இது: "மூண்டரை வயசாகுது தம்பி, இன்னும் 'அ' எழுத வரேல்லை. அங்க ஒரே விளையாட்டுத்தான்." வீடும் காணியும் போனபின் கல்வியையே கடைசிச் சொத்தாக நம்பும் குடும்பங்களின் அவசரம் அது. ஆனால் அந்த விளையாட்டு படிப்புக்கு எதிரி அல்ல.

2009இற்குப் பின் மீள்குடியேறிய பல கிராமங்களில் மிதிவெடி எச்சரிக்கைப் பலகைகளைத் தாண்டிப் பிள்ளைகள் ஓட முடியவில்லை. அன்றைய பிள்ளைகள் பலர் இன்று பெற்றோர். "ஓடாதே, அசையாமல் இரு" என்பது அவர்களுக்குப் பாதுகாப்பின் சொல். வாசிக்கப் பழகும் பிள்ளைக்கோ அசைவு தேவை.

பென்சில் பிடிக்கும் விரல்களுக்குத் தோளும் மணிக்கட்டும் உறுதி தருகின்றன. பக்கத்தைப் பார்த்தபடி நிமிர்ந்து இருக்க உடற்சமநிலை வேண்டும். எழுத்துகளை வேறுபடுத்த இடமும் வலமும் தெரியவேண்டும். 'கெ' என்பதில் ககரம் முதலில் ஒலித்தாலும் கொம்பு அதன் இடப்பக்கம் நிற்கிறது. 'கொ'வில் இருபக்கமும் குறிகள்.

1907இல் ரோமில் தன் முதல் சிறுவர் இல்லத்தைத் தொடங்கிய மரியா மொண்டிசோரி, சொரசொரப்பான தாளில் வெட்டிய எழுத்துகளைப் பிள்ளைகள் விரலால் தடவிப் பழக வழிசெய்தார். ஏடு தொடக்கும்போது அரிசியில் விரல்பிடித்து எழுதுவிப்பதும் இதற்கு நெருங்கிய வழிதான்.

வீட்டில் செய்யக்கூடியவை:

• முற்றத்து மணலில் 'அ'வைப் பெரிதாகக் கீறி, எழுதும் திசையிலேயே பிள்ளையை நடக்கவிடுங்கள். பிறகு விரலால் எழுதட்டும்.

• சொல்லை அசையசையாகக் கைதட்டிச் சொல்லுங்கள். 'பூனை'க்கு 2 தட்டு, 'வண்ணத்துப்பூச்சி'க்கு 5. காலை இழந்த தந்தையும் கதிரையில் இருந்தபடி இதை நடத்தலாம்.

• 'ப' ஒலியில் தொடங்கும் சொல்லுக்கு மட்டும் துள்ளச் சொல்லுங்கள். பனை, படலை என்றால் துள்ளவேண்டும். மரம் என்றால் நிற்கவேண்டும்.

• ரொட்டிக்கு மா பிசையவும், மணி கோர்க்கவும், சற்று வளர்ந்தபின் கொக்கான் விளையாடவும் விடுங்கள். விரல்கள் பலப்படும்.

ஓடி விளையாடுவதால் மட்டும் வாசிப்பு வந்துவிடாது. உடற்பயிற்சி மூளையை வாசிப்புக்கு மாற்றிவிடும் என்று விற்கப்படும் பயிற்சிகளை நம்பிப் பணம் கொடுக்கவேண்டாம். கதை கேட்பதும், ஒலியைப் பிரித்தறிவதும், எழுத்தை ஒலியோடு சேர்த்துக் கற்பதும் அவசியம். அசைவு அவற்றுக்குத் துணை.

முதலாம் வகுப்புக்குப் போனபின்னும் பிள்ளை எழுத்துகளோடு அதிகம் தடுமாறினால் அடிக்கவோ அயல்வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடவோ வேண்டாம். முதலில் கண்ணையும் காதையும் பரிசோதியுங்கள். பிறகு வகுப்பாசிரியரோடு கதையுங்கள்.