டிராக்டர் கிளம்பிய கதை

பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கு வாயிலில் வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி முதலிய ஊர்கள் அமைந்துள்ளன. இவை கேரள மாநிலத்துச் சித்தூர் வட்டத்தைச் சேர்ந்தவை. ஆயினும் இவ்வூர்களின் வயல் வரப்புகளில் நாம் கேட்கும் மொழி பெரும்பாலும் தமிழே. தெற்கே மலைகளைக் கடந்து இடுக்கி மாவட்டத்தின் மறையூர், காந்தளூர், வட்டவடை ஆகிய ஊர்களை அடைந்தால் அங்கும் தமிழ் உழவர்களையே காண்கிறோம். 1956-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் தேதி மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோது இவ்வூர்கள் கேரளத்தில் நின்றன. உறவும் சந்தையும் மலைக்கு இப்பாலும் தொடர்ந்தன. வெளி மாநிலங்களில் வாழும் நம் தமிழன்பர்களுக்கு இத்தகைய இரட்டை வாழ்வு புதிதன்று.

இவ்வெல்லை நாட்டில் உழவு யந்திரம் புகுந்த வரலாற்றை ஒரு சிறு கேள்வியைக் கொண்டு ஆராய விரும்புகிறோம். விடியற்காலையில் வயலுக்குப் புறப்பட வேண்டிய பழைய டிராக்டர் கிளம்ப மறுத்தால், அதைக் கிளப்பும் அறிவு யாரிடம் இருந்தது? எந்த மொழியில் இருந்தது?

கேள்வி அற்பமானதாகத் தோன்றலாம். நெல் விளையும் பூமியில் அது அற்பமன்று. பாலக்காட்டு வயல்கள் கால்வாயை நம்பியவை. 1949-இல் தொடங்கி 1955-இல் நிறைவுற்ற மலம்புழை அணை, அந்நாளில் மலபார் ஜில்லாவை உள்ளடக்கியிருந்த சென்னை இராஜ்யம் கட்டியது. கிழக்கேயுள்ள சித்தூர்ப் பகுதிக்கு ஆழியாற்று நீர் மூலத்தறை வழியாக வருகிறது. கால்வாயில் தண்ணீர் விடும் நாள் உழவனின் சௌகரியத்தைக் கேட்டு வருவதில்லை. நாற்றின் வயதும் காத்திருப்பதில்லை. அந்தச் சில நாட்களுக்குள் சேறு கலக்கி முடிக்காவிடில் நடவு தள்ளிப்போகும்; நடவு தள்ளினால் விளைச்சல் குறையும். ஆகவே ஒரு காலைப்பொழுதில் உறங்கிக் கிடக்கும் யந்திரம் ஒரு போகத்தையே பாதிக்க வல்லது.

டிராக்டரின் சரித்திரத்தை அதன் உழும் ஆற்றலைக் கொண்டு எழுதுவதே வழக்கம். அதைக் கிளப்பும் முறையைக் கொண்டும் எழுதலாம். 1892-இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஜான் பிரோலிக் என்பவர் பெட்ரோலில் ஓடும் உழவு யந்திரத்தைச் செய்து காட்டினார். 1917-இல் ஹென்றி போர்டின் போர்ட்ஸன் டிராக்டர் பெருமளவில் வெளிவந்தது. அதை முன்புறக் கைப்பிடியைச் சுழற்றிப் பெட்ரோலில் கிளப்பி, எஞ்சின் சூடேறிய பின்பே மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். சுழற்றும் கைப்பிடி சில வேளைகளில் பின்னோக்கி உதைக்கும். அதனால் கட்டைவிரலையும் மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வைத்துப் பிடிக்க வேண்டும் என்பது அக்காலத்து ஓட்டிகளின் முதற்பாடம். அப்பாடத்தை மறந்தவர்கள் மணிக்கட்டை முறித்துக்கொண்டார்கள்.

ஜெர்மனியில் 1921-இல் தோன்றிய லான்ஸ் புல்டாக் டிராக்டரின் முறை இன்னும் விசித்திரமானது. ஊதுவிளக்கின் சுவாலையால் எஞ்சினின் தலையைச் சில நிமிடங்கள் காய்ச்சி, பின்னர் ஓட்டும் சக்கரத்தையே கழற்றி எடுத்துப் பக்கவாட்டில் செருகிச் சுழற்ற வேண்டும். இங்கிலாந்தின் பீல்டு மார்ஷல் டிராக்டரையோ துப்பாக்கித் தோட்டா போன்ற ஒரு வெடியைக் கொளுத்திக் கிளப்புவதும் உண்டு. 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தின் கவண்ட்ரி நகரில் ஐந்து லட்சத்துக்கும் மேல் உற்பத்தியான பெர்குசன் டிராக்டரில்தான் எளிமையும் பாதுகாப்பும் ஒன்றுசேர்ந்தன. அதில் கியர்த் தண்டை ஒரு குறிப்பிட்ட இடத்துக்குத் தள்ளினாலன்றி எஞ்சின் சுழலாது. ஆதலால் கியரில் நிற்கும் வண்டி திடீரெனப் பாய்ந்து ஆளைக் கொல்வதற்கு இடமில்லாமற் போயிற்று.

டீசல் எஞ்சின் இவற்றினின்றும் ஒரு வகையில் வேறுபட்டது. 1897-இல் ருடால்ப் டீசல் வெற்றிகரமாக இயக்கிக் காட்டிய அந்த எஞ்சினில் தீப்பொறிக்கு வேலையில்லை. காற்றை அதன் பருமனில் பதினாறில் ஒரு பங்கு அளவுக்கோ அதனினும் சிறிதாகவோ நெருக்கும்போது பிறக்கும் வெப்பமே எண்ணெயைப் பற்றவைக்கிறது. எனவே அது கிளம்புவதற்கு மூன்றே நிபந்தனைகள். எஞ்சின் போதிய வேகத்தில் சுழல வேண்டும். காற்றும் நீரும் கலவாத எண்ணெய் உரிய அளவில் உள்ளே பாய வேண்டும். உள்ளிருக்கும் காற்று வெளியே கசியாமல் நெருக்கப்பட வேண்டும். இம்மூன்றையும் நினைவில் வைத்துக்கொள்வோமாயின் பின்னர் கூறப்போகும் நிகழ்ச்சி எளிதில் விளங்கும்.

நம் நாட்டில் 1951-இல் இருந்த டிராக்டர்கள் ஏறத்தாழ 8,500 மட்டுமே. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்கப் படையினர் விட்டுச்சென்ற யந்திரங்களைக் கொண்டு 1947-இல் மத்திய டிராக்டர் ஸ்தாபனம் அமைக்கப்பட்டது. மத்திய இந்தியாவில் ‘காஸ்’ என்னும் ஆழ வேரோடும் நாணற்புல் பரவித் தரிசாகிக் கிடந்த நிலத்தை மீட்பது அதன் பெரும்பணி. அதன்பொருட்டு 1949-இல் உலக வங்கி ஒரு கோடி டாலர் கடன் வழங்கியது. யந்திரம் வாங்கினால் மட்டும் போதாது, அதை ஓட்டவும் பழுது பார்க்கவும் ஆட்கள் வேண்டும் என்ற உண்மை விரைவில் புலப்பட்டது. நருமதைக் கரையிலுள்ள புத்னியில் 1955-இல் டிராக்டர் பயிற்சி நிலையம் தோன்றியது. போபாலிலிருந்து அதிகத் தொலைவில் இல்லாத அந்த ஊரை அங்கு வாழும் நம் அன்பர்கள் அறிந்திருக்கக்கூடும்.

1959-இல் பரீதாபாத்தில் ஐஷர் நிறுவனம் டிராக்டர் தயாரிக்கத் தொடங்கியது. சென்னையில் 1960-இல் நிறுவப்பட்ட ‘டாபே’ மாசி பெர்குசன் நிறுவனத்தின் கூட்டுறவுடன் செம்பியத்தில் உற்பத்தியை ஆரம்பித்தது. எனினும் 1961–62-இல் நாடு முழுவதிலும் உற்பத்தியானவை 880 டிராக்டர்களே. எஞ்சிய தேவைக்குச் செக்கோஸ்லோவாக்கியா, போலந்து, சோவியத் ரஷ்யா, பிரிட்டன் எனப் பல தேசங்களிலிருந்து யந்திரங்கள் வந்திறங்கின. இங்கேதான் சங்கடம் பிறந்தது. ஆங்கில நாட்டுத் திருகுகள் அங்குல அளவின; கிழக்கு ஐரோப்பியத் திருகுகள் மில்லிமீட்டர் அளவின. ஒன்றின் மரை மற்றொன்றுக்குப் பொருந்தாது. ஒரு சிறு உதிரிப்பாகம் கிடைக்காமல் யந்திரம் மாதக்கணக்கில் கொட்டிலில் கிடந்தது அக்காலத்தில் பல மாநிலங்களிலும் கேட்ட முறையீடு.

எல்லை நாட்டின் கதைக்கு வருவோம். 1960-களின் முற்பகுதியில் பாலக்காடு மாவட்டம், தஞ்சாவூரைப் போலவே, தீவிர விவசாய மாவட்டத் திட்டத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது. நல்ல விதை, உரம், கடன் ஆகியவற்றோடு யந்திரங்களும் பேச்சில் அடிபடலாயின. 1968-இல் கேரள வேளாண் தொழில் கழகம் நிறுவப்பட்டது. 1970 ஜனவரி 1-ஆம் தேதி நிலச் சீர்திருத்தம் முழுமையாக அமலுக்கு வந்து, குத்தகை முறை ஒழிந்தது. உழுதவர்கள் சிறு நிலங்களின் உடைமையாளராயினர். சிறு நிலத்துக்குச் சொந்த டிராக்டர் கட்டுபடியாகாது. மணிக்கணக்கில் வாடகைக்கு அமர்த்துவதே இயலும். ஆகவே ஒரு டிராக்டர் ஒரு குடும்பத்தின் உடைமையாக இருந்தாலும் பல குடும்பங்களின் ஏராக விளங்கியது. அது கிளம்பாத காலையில் பல வயல்கள் காத்து நின்றன.

எல்லாரும் அதை வரவேற்றனர் என்று கூறுவதற்கில்லை. 1970-களில் கேரளத்தின் விவசாயத் தொழிலாளர் சங்கங்கள் டிராக்டரை எதிர்த்துக் கிளர்ச்சி செய்தன. ஏர் பூட்டியவரின் கூலி போய்விடுமே என்ற அச்சம் நியாயமானதே. பொள்ளாச்சிச் சந்தையில் மாடு வாங்கி உழுத குடும்பங்களும் நாளடைவில் மாடுகளைக் குறைத்தன. 1973-இல் கேரளத்தில் ‘காம்கோ’ நிறுவனம் ஜப்பானின் குபோட்டா கூட்டுறவுடன் கைப்பிடி உழுவை யந்திரங்களைச் செய்யத் தொடங்கியது. இன்று பாலக்காட்டு வயல்களில் உழவு யந்திரமே ஆள்கிறது; அறுவடைக் காலத்தில் அறுவடை யந்திரங்கள் தமிழ்நாட்டிலிருந்து கணவாய் வழியே வரிசையாகச் செல்கின்றன. இடுக்கியின் படிக்கட்டு வயல்களிலோ டிராக்டருக்கு இடம் குறைவு. அங்கே மலையுழவரின் விளைச்சலைச் சுமக்கும் யந்திரம் ஜீப்பே. போர்க்களத்துக்கெனப் பிறந்த அவ்வண்டியையும் 1945 முதல் விவசாயக் கருவியென்றே அமெரிக்காவில் விளம்பரம் செய்தார்கள் என்பது குறிப்பிடத்தக்கது.

சில ஆண்டுகளுக்கு முன் சித்தூர் வட்டத்து ஊர் ஒன்றுக்கு நாம் சென்றிருந்தோம். கால்வாயில் தண்ணீர் வந்து இரண்டு நாளாகியிருந்தது. களத்தில் முப்பது ஆண்டு கண்ட டிராக்டர் ஒன்று கிளம்பாமல் நின்றது. இளைஞரான ஓட்டி திரும்பத் திரும்பச் சாவியைத் திருகிப் பாட்டரியைக் களைப்புறச் செய்துவிட்டார். எஞ்சின் பழுதாகிவிட்டது, நகரத்துக்கு இழுத்துச் செல்ல வேண்டும், பெருந்தொகை ஆகும் என்று பேச்சு எழுந்தது. உடையவரின் முகம் வாடிற்று. அப்போது ஒரு முதிய மெக்கானிக் மிதிவண்டியில் வந்து சேர்ந்தார்.

அவர் முதலில் யந்திரத்தைத் தொடவில்லை, ஓட்டியை விசாரித்தார். முதல்நாள் மாலை டாங்கி வற்றும்வரை உழுது, காலையில்தான் டீசல் ஊற்றியதாகத் தெரிந்தது. பின்னர் பாட்டரியின் முனைகளைக் கழற்றி, படிந்திருந்த பச்சைக் களிம்பைச் சுரண்டி இறுக்கினார். வேறொரு பாட்டரியையும் கொண்டுவரச் செய்து இணைத்தார். கியர் நடுவில் இருக்கிறதா என்று தாமே அசைத்துப் பார்த்தார். சாவியைத் திருகச் சொல்லிவிட்டுப் புகைக்குழாயையே நோக்கி நின்றார். எஞ்சின் நன்றாகச் சுழன்றது. புகை வரவில்லை.

“சுத்துறது நல்லாச் சுத்துதுங்க. புகையே வரலீங்க. அப்ப டீசல் ஏறலைன்னு அர்த்தமுங்க. வண்டி கெடலை, காத்துப் புடிச்சிருக்குது, அவ்வளவுதானுங்க” என்றார்.

பிறகு டீசல் வடிகட்டியின் மேலுள்ள சிறு திருகைத் தளர்த்தி, பம்பின் கைநெம்பை அழுத்தினார். நுரையும் குமிழியுமாக எண்ணெய் கசிந்தது. குமிழி நின்று தெளிந்த எண்ணெய் வந்ததும் திருகை இறுக்கினார். அடுத்துப் பம்பிலுள்ள திருகையும் அவ்வாறே செய்தார். இறுதியாக, எஞ்சினுக்குள் எண்ணெய் தெளிக்கும் நாசில்களுக்குச் செல்லும் குழாய்களின் மரைகளைச் சற்றே தளர்த்தி, எஞ்சினைச் சுழற்றச் செய்தார். எண்ணெய் துளித்ததும் இறுக்கினார். அடுத்த திருகலில் எஞ்சின் ஒருமுறை இருமி, புகை கக்கி, ஓடத் தொடங்கியது. எல்லாம் அரைமணி நேரத்தில் முடிந்தது. செலவு ஒரு செப்பு வளையம்.

வெண்புகை வந்திருந்தால் எண்ணெய் சேர்ந்தும் பற்றவில்லை என்று பொருள்; குளிரோ, தேய்ந்த எஞ்சினின் நெருக்கக் குறைவோ காரணமாகலாம். கரும்புகை வந்தால் காற்று வடிகட்டியைத் திறந்து பார்க்க வேண்டும். சாவியைத் திருகியும் ஓசையே இல்லையெனில் பாட்டரி, கம்பி, கிளட்ச் அருகிலுள்ள பாதுகாப்பு விசை ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும். இவற்றையெல்லாம் அவர் இளைஞருக்கு அங்கேயே சொல்லிக் கொடுத்தார். தரையில் நின்றுகொண்டு திருப்புளியால் மோட்டாரின் முனைகளை நேரே இணைத்துக் கிளப்புவதை மட்டும் கடுமையாகத் தடுத்தார். வண்டி கியரில் இருந்தால் நிற்பவர் மேலேயே ஏறிவிடும்.

நாம் வெட்கமுற்றது அப்பொழுதுதான். ஆங்கிலத்திலுள்ள சர்க்கார்ப் பிரசுரங்களைத் தமிழாக்குவது நமது தொழில். இத்தகைய யந்திரத்தின் கையேடு ஒன்றையும் ஒருகாலத்தில் மொழிபெயர்த்ததுண்டு. ‘தொடக்கி’ என்றும் ‘உட்செலுத்தி’ என்றும் ‘காற்றடைப்பு நீக்கம்’ என்றும் எழுதினோம். இலக்கணப்படி அவை பிழையல்ல. ஆனால் செல்ப் என்றும், நாசில் என்றும், காத்துப் புடிச்சிருக்குது என்றும் பேசும் அந்தப் பெரியவர் நமது கையேட்டைப் புரட்டியிருப்பாராயின், தமக்குத் தெரிந்த செய்தியே அதில் இருப்பதை அறிந்திருக்கமாட்டார். அவர் வாழும் மாவட்டத்தின் அலுவலக மொழி மலையாளம். யந்திரத்தோடு வந்த புத்தகத்தின் மொழி ஆங்கிலம். அவரது அறிவோ மற்றொரு பட்டறையில் மற்றொருவர் வாய்மொழியாகத் தந்த தமிழில் இருந்தது. அது எங்கும் அச்சேறவில்லை.

இந்நாட்டு டிராக்டர் உற்பத்தி அண்மை ஆண்டுகளில் ஒன்பது லட்சத்தைக் கடந்துவிட்டது. புதிய யந்திரங்களுக்குக் கம்பெனிகளின் பணிமனைகள் உண்டு. பழைய யந்திரத்தை நம்பியிருக்கும் சிறு உழவனுக்குத் துணை இத்தகைய முதியவர்களே. 880 டிராக்டர்கள் உற்பத்தியான காலத்தின் கணக்குகள் ஏடுகளில் இருக்கின்றன. அவற்றை ஓடச் செய்தவர்களின் கைத்திறனும் சொற்களும் அவர்களோடு மறையும் நிலையில் உள்ளன.

பரீதாபாத்திலும் போபாலிலும் லூதியானாவிலும் பட்டறைகளிலும் ஆலைகளிலும் பணியாற்றும் தமிழன்பர்கள் பலர். தாம் கற்ற தொழிலைத் தாம் பேசும் சொற்களிலேயே ஒரு குறிப்பேட்டில் எழுதி வைப்பார்களாயின், அதுவே ஒரு சரித்திர ஏடாகும். அகராதிச் சொல் பின்னர் வந்து சேரட்டும். அன்று அந்தப் பெரியவர் கூலியை வாங்கிக்கொண்டு மிதிவண்டியில் ஏறினார். இளைஞர் கேஜ்வீல் எனப்படும் இரும்புச் சக்கரங்களை மாட்டி டிராக்டரை வயலுக்குள் இறக்கினார். உச்சிப்பொழுதுக்குள் இரண்டு வயல்கள் உழுது முடிந்தன; மூன்றாம் வயலின் சொந்தக்காரர் வரப்பில் காத்து நின்றார்.