நீர்க்கட்டி: ஏரிகளின் சீருடையில்லாக் காவலர்

மரக்காணத்துக்குப் பக்கத்தில் உள்ள கழுவெளியை 2021 டிசம்பரில் தமிழக அரசு பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. 2024இல் அது ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. அதைக் காக்க இன்று சீருடையும் மாதச் சம்பளமும் உள்ள வனத்துறை ஊழியர்கள் இருக்கிறார்கள். நல்லது. ஆனால் விழுப்புரம், திண்டிவனம் பக்கத்து ஏரிகளுக்கு அதற்கு வெகுகாலம் முன்பே காவலர் இருந்தார். அவர்தான் நீர்க்கட்டி; சில ஊர்களில் கம்புகட்டி. பெரும்பாலும் சேரிக்காரர்.

அவர் வேலையை 'மடை திறப்பது' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள் தோழர்களே. மழைக்காலத்தில் இரவெல்லாம் கரைமேல் நடந்து, நண்டுவளை, எலிவளை வழியாக நீர் கசிகிறதா என்று பார்க்க வேண்டும். கசிந்தால் வைக்கோலும் களிமண்ணும் வைத்து அடைக்க வேண்டும். கைமீறினால் ஊரைக் கூப்பிட வேண்டும். கலங்கலில் உபரிநீர் தடையில்லாமல் போகிறதா என்று கவனிக்க வேண்டும். பழைய மடைகளில் நீருக்குள் மூழ்கித்தான் அடைப்பை எடுக்க முடியும். நீர் உள்ளே இழுக்கும் இடம் அது, உயிரே போகலாம். பிறகு வாய்க்கால் தூர் எடுப்பது, தலைமடையிலிருந்து கடைமடை வரை முறைவைத்துப் பாய்ச்சுவது, நீர் குறைந்த ஆண்டில் எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் என்று கணக்கு வைப்பது.

சொந்த வயல் இல்லாததால்தான் அவரால் நடுநிலையாகப் பங்கிட முடிந்தது என்று மெச்சுகிறவர்கள் உண்டு. எனக்கு எரிச்சலூட்டும் வாதம் இது. வயல் ஏன் இல்லை என்று அது கேட்பதே இல்லை.

கூலி, அறுவடையில் களத்து மேட்டில் அளந்து போடும் நெல். சில ஊர்களில் கொஞ்சம் மானிய நிலம். ஆயக்கட்டு முழுவதற்கும் தண்ணீர் பாய்ச்சியவர் ஊர்க்கிணற்றில் ஒரு குடம் இறைக்க முடியாது.

வெள்ளைக்காரன் சட்டமும் இதையொட்டியே நின்றது. கரை உடையும் ஆபத்து வந்தால் சுற்றுவட்டார 'உழைக்கும் வகுப்பு' ஆண்களைக் கட்டாயமாக வேலைக்கு அழைக்கலாம் என்றது 1858இன் சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம். காப்பாற்றப்படுவது யார் பயிர், மண் சுமப்பது யார் தலை?

மகாராஷ்டிரத்தில் மகர்களைப் பரம்பரை ஊர் ஊழியத்தில் கட்டிவைத்திருந்த வதன் முறைக்கு எதிராக பம்பாய் சட்டமன்றத்தில் அம்பேத்கர் 1928இல் மசோதா கொண்டுவந்தார். ஊழியத்துக்கு ஈடாகத் தரும் துண்டு நிலமும் தானியமும் சலுகையல்ல, விலங்கு என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. தமிழகத்திலும் சாவுக்குப் பறையடிக்க மறுத்த இளைஞர்கள் பல ஊர்களில் இந்த ஊழியத்தையும் விட்டார்கள். ஏரி கெட்டதே அதனால்தான் என்று புலம்புகிறவர்கள் கிணற்று மோட்டாரையும் வரத்துக் கால்வாய் ஆக்கிரமிப்பையும் பேசமாட்டார்கள்.

2017இல் குடிமராமத்து மீண்டும் வந்தபோது பணிகள் ஆயக்கட்டு விவசாயிகளின் சங்கங்களுக்குப் போயின. நிலம் இருந்தவர்கள் சங்கத்தில் இருந்தார்கள். நீர்க்கட்டியின் பேரப்பிள்ளைகள் நூறு நாள் வேலையில் அதே ஏரியில் மண் வெட்டினார்கள்.

ஏரிகளைப் பற்றிக் கள ஆய்வுக்குப் போகும் மாணவர்கள் பொதுப்பணித்துறைப் பதிவோடு திரும்பிவிடாதீர்கள். கடைசியாக மடை திறந்தவர் யார், எத்தனை மரக்கால் நெல் வாங்கினார், ஏன் விட்டார் என்று காலனியில் கேட்டு எழுதுங்கள். சொல்லக்கூடிய பெரியவர்கள் இன்னும் சிலர்தான் இருக்கிறார்கள்.